மூக்கு அழுந்தினால்தான்

வெற்றுத்தளத்தில் யாரோ விட்டுப்போன நாற்காலி.
கால் நாலும் சரி. இருக்கை கிழிந்து
மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்த்தது.
மின்தூக்கியில் என்னோடு ஏறி
பதினோராம் மாடிக்கு வந்துவிட்டது.

இன்று எனக்கு ஓய்வு.
மற்ற நாளில் விடியுமுன் நாலே முக்காலுக்கு
யீஷூன் முனையத்தில் என் பேருந்தைச் சுற்றி நடப்பேன்.
டயர், விளக்கு, கண்ணாடி, கதவு.
கதவு மூடாமல் வண்டி நகராது.
அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

இரும்புக்கடை ஆ லியோங்
மின்சாரத்தில் ஓடும் ஒன்றை எடுத்து வைத்தான்.
ஊசியும் அடிக்கும், ஆணியும் அடிக்கும்.
"ஆணி வேண்டாம் லா, உன் பலகை மெல்லிசு,
எட்டு மில்லி ஊசி போதும்."
இருக்கட்டுமே என்று பதினாலும் வாங்கினேன்.
வீட்டில் துண்டுப் பலகையில் அடித்துப் பார்த்தால்
எட்டு உள்ளேயே அடங்கியது.
பதினாலு மறுபக்கம் வந்து பல் இளித்தது.
உட்காருகிறவர் நிலைமையை நினைத்துக்கொண்டேன்.

முதலில் பழைய ஊசிகளை நெம்பினேன்.
ஒரு கிண்ணம் நிறைந்தது.
எல்லாமே இடப்பக்கம் சாய்ந்தவை.
அடித்தவர் இடக்கையர். அவசரக்காரர் அல்ல,
மூலைக்கு மூலை இரண்டிரண்டு.
துணிக்கு அடியில் இன்னொரு துணி, பச்சை,
அதன் ஓரத்தில் விரல்நுனி அளவு பழுப்புக் கறை.
கோப்பியாக இருக்கலாம்.
கோப்பி இல்லாமலும் இருக்கலாம்.

ஒன்பது மணி ஆகட்டும் என்று காத்திருந்தேன்.
கீழ்வீட்டுக் குழந்தை இரவெல்லாம் அழுது
இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது.
காத்திருந்த நேரத்தில்
கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் சப்பாத்து.
வீட்டுக்குள் சப்பாத்து!
சாமி மாடத்தைப் பார்த்து ஒரு மன்னிப்பு.
பிளக்கைச் செருகாமலே ஊசி நிரப்பி
வயரை முதுகுக்குப் பின்னால் விட்டு
ஈரத் துடைப்பத்தைக் குளியலறைக்கு அனுப்பி
அதன் பிறகுதான் சுவருக்குப் போனேன்.

தரையைப் பார்த்துப் பிடித்து, எதையும் தொடாமல்
விசையை ஒருமுறை இழுத்தேன்.
ஒன்றுமில்லை.
மூக்கு எதிலாவது அழுந்தினால்தான் பேசுமாம்.
பேருந்துக் கதவின் ஒன்றுவிட்ட தங்கை.
நேற்றிரவு தொலைபேசியில்
தம்பி செந்தூரனிடம்
காற்றிலேயே நான் எத்தனை சுட்டேன்.

சரி, வேலை.
கவிழ்த்த இருக்கையில் துணியை இழுத்து மடித்து
நடுவில் ஒன்று, எதிரே ஒன்று,
பக்கத்துக்கொன்று, பிறகு ஓரங்கள்.
டக். டக்.
இடக்கையை ஒரு சாண் தள்ளியே வைத்தேன்.
அது துணியை நீவ நீவ
கிட்டக் கிட்ட வந்துகொண்டே இருந்தது,
பிள்ளை அடுப்பங்கரைக்கு வருவது போல.

நாற்பத்திரண்டாவது சிக்கியது.
மூக்கில் பாதி ஊசி நீட்டிக்கொண்டு நின்றது.
பிடுங்கி எறியலாம், ஒரு நொடி வேலை.
வலது சுட்டுவிரல் இன்னும் விசைமேல்,
இடக்கை மூக்கை நெருங்கிவிட்டது,
மின்சாரம் அப்படியே ஓடுகிறது.

அப்போது அந்தக் கை
தானாகத் திரும்பி
இல்லாத பிரேக்கைத் தேடியது.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
கதவு திறக்குமுன் தேடுகிற பிரேக்.
அகப்பட்டது வயர்தான்.
வயரைப் பிடித்தபடியே சுவர்வரை போனேன்.
பிளக்கைப் பிடுங்கினேன்.
சப்பாத்தோடு தரையில் உட்கார்ந்தேன்.
ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கும் நேரம்.
நிஜமாகவே குடித்தேன்.

தாழ்ப்பாளைத் திறந்து குறட்டால் இழுத்தால்
கோணிப்போன ஒரு ப.
கால் ஒன்று மடங்கிய ப.
குப்பையில் போடாமல்
இடக்கையர் கிண்ணத்திலேயே சேர்த்தேன்.

நாற்காலி இப்போது நிமிர்ந்து நிற்கிறது,
நீலத் துணி, சற்றே கோணல்.
இருக்கைக்கு அடியில், யாரும் குனிந்து பாராத இடத்தில்,
தொண்ணூறு ப, காலை மேலே நீட்டிக்கொண்டு.
செந்தூரன் எண்ணை எடுத்தேன். அழைக்கவில்லை.
அவன் இந்நேரம் வேலையில் இருப்பான்.

என்றாவது ஒருநாள் இதுவும் கிழியும்.
யாரோ நெம்புவார்.
எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்ப்பார்.
நாற்பத்தொன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
இரண்டு விரல் இடைவெளி.
அங்கே என்ன நடந்தது என்று
கொஞ்சம் யோசிப்பார்.